ஹமாசாகி அயுமியின் ‘எ பெஸ்ட்’: வேண்டாம் என்றவரே தன்னுடையதாக்கிக்கொண்ட ஆல்பம்

ஜப்பானியப் பாடகி ஹமாசாகி அயுமியின் ‘எ பெஸ்ட்’ பழைய பாட்டுகளின் தொகுப்புதானே, அது எப்படி 40 லட்சத்துக்கு மேல் விற்றது, அது வெளிவருவதை அவரே விரும்பவில்லை என்பது உண்மையா, புதிதாகக் கேட்க வருகிறவர் அதிலிருந்து தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாகத் தொடங்கலாம். தொகுப்பு என்றாலே மட்டம், “உண்மையான ரசிகர்” தனி ஆல்பங்களைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இந்த ஆல்பத்துக்கு அது பொருந்தாது. ஏன் என்று சொல்ல மற்ற கேள்விகளுக்குள் போக வேண்டும்.

முதலில் அந்த நாள். 2001 மார்ச் 28, புதன்கிழமை. ‘எ பெஸ்ட்’ கடைக்கு வந்த அதே நாளில் இன்னொரு நட்சத்திரமான உடாடா ஹிகாருவின் இரண்டாவது ஜப்பானிய ஆல்பமான ‘டிஸ்டன்ஸ்’ வந்தது. உடாடாவின் முந்தைய ஆல்பம் ‘ஃபர்ஸ்ட் லவ்’ 1999இல் வெளியாகி 76 லட்சத்துக்கு மேல் விற்றது. ஜப்பானில் எந்த ஆல்பமும் இன்றுவரை அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. அதற்கு அடுத்து என்ன தரப்போகிறார் என்று நாடே காத்திருந்த நேரத்தில், அதே தேதியில் இன்னொரு கம்பெனி தன் பெரிய நட்சத்திரத்தின் பெஸ்ட் ஆல்பத்தை இறக்கியது. பத்திரிகைகளுக்கும் டிவிக்கும் வேறென்ன வேண்டும்? இரண்டு ராணிகளின் மோதல் என்று எழுதித் தீர்த்தார்கள். இருவருமே தங்களுக்குள் போட்டி எதுவும் இல்லை என்றுதான் சொன்னார்கள். ஆனால் கடைகளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கப்பட்டிருக்க, ஒன்றை வாங்க வந்தவர் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனார்.

ஜப்பானில் இசை விற்பனையைக் கணக்கெடுக்கும் ஒரிகான் நிறுவனத்தின்படி முதல் வாரத்தில் ‘டிஸ்டன்ஸ்’ 30 லட்சம், ‘எ பெஸ்ட்’ சுமார் 28 லட்சத்து 70 ஆயிரம். ஒரே வாரத்தில் இரண்டு ஆல்பங்கள் சேர்ந்து கிட்டத்தட்ட 59 லட்சம் பிரதிகள்! அந்த ஆண்டின் முதல் இரண்டு இடங்களும் இவற்றுக்குத்தான். ‘எ பெஸ்ட்’ கடைசியில் 42 லட்சத்தைத் தாண்டியது. அயுமியின் ஆல்பங்களில் அதிகம் விற்றது இதுதான். ஜப்பானில் எல்லாக் காலத்திலும் அதிகம் விற்ற பத்து ஆல்பங்களுக்குள்ளும் இது இருக்கிறது.

இப்போது, ஒரு தொகுப்பு எப்படி இவ்வளவு விற்றது என்ற கேள்வி. ஜப்பானில் பெஸ்ட் ஆல்பத்துக்குத் தனி மரியாதை உண்டு. அந்த எல்லாக் காலப் பட்டியலின் முதல் ஆறு இடங்களைப் பாருங்கள்: ‘ஃபர்ஸ்ட் லவ்’, ‘டிஸ்டன்ஸ்’ இரண்டையும் தவிர மற்ற நான்கும் பெஸ்ட் ஆல்பங்கள். இருவர் மட்டுமே கொண்ட பீஸ் ராக் குழுவின் ‘ப்ளெஷர்’, ‘ட்ரெஷர்’ (இரண்டும் 1998), க்ளே குழுவின் ‘ரிவ்யூ’ (1997), அப்புறம் ‘எ பெஸ்ட்’.

இதற்குக் காரணம் கொஞ்சம் சட்டம், கொஞ்சம் சந்தை. புத்தகம், செய்தித்தாள் போல இசைத்தட்டுக்கும் வெளியிடும் கம்பெனியே விலையை நிர்ணயிக்கலாம் என்று ஜப்பானில் விலக்கு இருக்கிறது. கடைக்காரர் தன் இஷ்டத்துக்குப் புது சிடியைப் பாதி விலைக்குத் தள்ள முடியாது. அந்தக் காலத்தில் ஒரு சிங்கிள் (சில பாட்டுகள் மட்டும் உள்ள சின்னத் தட்டு) 1,000 யென்னை ஒட்டி, ஒரு ஆல்பம் 3,000 யென்னை ஒட்டி. ஒரு பாட்டு பிடித்தால் சிங்கிள் வாங்க வேண்டும், இல்லையென்றால் வாடகைக் கடையில் எடுத்து நகல் செய்துகொள்ள வேண்டும். இசைத்தட்டை வாடகைக்கு விடுவது அங்கே சட்டப்படியே நடக்கிற தொழில். மூன்று வருடமாக டிவி விளம்பரத்திலும் தொடர்களிலும் கேட்டுப் பழகிய பாட்டுகளில் ஒரு டஜனுக்கு மேல் மூன்று சிங்கிள் விலையில் ஒரே தட்டில் கிடைக்கிறது என்றால், தீவிர ரசிகர் அல்லாதவர்கூட வாங்கிவிடுவார். இது ஜப்பானில் சிடி விற்பனை உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியிருந்த நேரமும்கூட. 1998தான் உச்சம். மார்ச் மாதம் அங்கே கம்பெனிகளின் கணக்கு முடியும் மாதம். பெரிய ஆல்பம் கையில் இருந்தால் அதை மார்ச்சுக்குள் கொண்டுவர எந்த நிர்வாகிக்கும் ஆசை வரும்.

அயுமியின் வருத்தம் இங்கேதான் தொடங்குகிறது.

அவர் 1978 அக்டோபர் 2 அன்று ஃபுகுவோகாவில் பிறந்தவர். அப்பா சிறுவயதிலேயே பிரிந்து போய்விட, அம்மாவும் பாட்டியும் வளர்த்தார்கள். பதின்ம வயதில் டோக்கியோவுக்கு வந்து சின்னச் சின்ன வேடங்களில் நடித்தார். 1995இல் வேறொரு கம்பெனியில் ஒரு ராப் தட்டும் வந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. அப்புறம்தான் ஏவெக்ஸ் இசைக் கம்பெனியின் மட்சுரா மசாட்டோ (மேக்ஸ் மட்சுரா என்று அறியப்படுபவர்) அவரை எடுத்துக்கொண்டு, பாட்டுப் பயிற்சிக்கு நியூயார்க் அனுப்பினார். அயுமி அவருக்கு எழுதிய கடிதங்களைப் படித்துவிட்டுத்தான், பாடல் வரிகளையும் நீயே எழுது என்று மட்சுரா சொன்னார். இதை மட்டும் நினைவில் வையுங்கள். அன்றைய ஐடல் (கம்பெனிகள் உருவாக்கும் இளம் நட்சத்திரங்கள்) சந்தையில் பாடகி வேறு, எழுதுகிறவர் வேறு. அயுமி முதல் சிங்கிளில் இருந்தே தன் வரிகளைத் தானே எழுதினார். அவருடைய பாட்டுத் தலைப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும் உள்ளே வரிகள் ஏறக்குறைய முழுக்க ஜப்பானிய மொழியில்தான் இருக்கும்.

முதல் சிங்கிள் ‘போக்கர் ஃபேஸ்’ 1998 ஏப்ரல் 8. ‘எ பெஸ்ட்’ 2001 மார்ச் 28. நடுவில் மூன்று வருடம்கூட முழுசாக ஓடவில்லை. அதற்குள் 20க்கும் மேற்பட்ட சிங்கிள்கள், மூன்று ஆல்பங்கள். அவருக்கு வயது 22. இருபது வருடம் பாடிக் களைத்தவர் திரும்பிப் பார்த்துத் தொகுப்பதுதான் பெஸ்ட் ஆல்பம் என்றால், 22 வயதில் திரும்பிப் பார்க்க என்ன இருக்கிறது? இது ரொம்ப சீக்கிரம் என்பதுதான் அவர் நிலைப்பாடு. முடிவெடுத்தது கம்பெனி. இதனால் இரண்டு தரப்புக்கும் இடையே கசப்பு வந்தது என்பது ரகசியம் அல்ல. தன்னை ஒரு விற்பனைப் பொருளாகத்தான் பார்க்கிறார்கள் என்ற ஆதங்கம் அந்தக் காலத்துப் பேட்டிகளில் திரும்பத் திரும்ப வந்தது. ஆக, அவர் விரும்பவில்லை என்பது உண்மைதான்.

ஆனால் கதை அதோடு முடிவதில்லை. பலர் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, “கம்பெனி செய்த ஆல்பம்” என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தடுக்க முடியாது என்று ஆனபின் அவர் அதற்குள் என்ன செய்தார் என்பதுதான் இந்த ஆல்பத்தின் சிறப்பு.

அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கோடிக்கணக்கில் விளம்பரம் செய்து விற்கப்போகும் வெற்றித் தொகுப்பு. அதன் அட்டையில் சிரிப்பு இருக்க வேண்டும், மினுமினுப்பு இருக்க வேண்டும். இதில் இருப்பது கன்னத்தில் கண்ணீர் வழியும் முகம். ஒரே நிலையில், முகபாவம் மட்டும் மாறி, ஆறு விதமான அட்டைகளோடு வெளியானது. கண்ணீரோடு இருக்கும் படம்தான் எல்லோர் நினைவிலும் நின்றது. மனசில் இருந்ததை அறிக்கை விட்டுச் சொல்வதற்குப் பதிலாக, கடையில் அடுக்கப்படும் லட்சக்கணக்கான பிரதிகளின் முன்பக்கத்திலேயே போட்டுவிட்டார் என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன்.

அடுத்து பாட்டு வரிசை. மொத்தம் 16 பாட்டு. அவற்றில் 14 சிங்கிள்களில் வந்தவை. இரண்டு மட்டும் சிங்கிளாக வராதவை. அந்த இரண்டும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்: ஒன்று முதல் பாட்டு, இன்னொன்று கடைசிப் பாட்டு. நடுவில் இருப்பவை ஏறக்குறைய வெளியான வரிசையிலேயே போகின்றன. ‘ஹிட்’களைக் கேட்க வாங்கியவர் உள்ளே நுழைவதும் வெளியேறுவதும் ஹிட் அல்லாத, அயுமியின் சொந்தக் குரலுக்கு மிக நெருக்கமான இரண்டு பாட்டுகள் வழியாகத்தான்.

முதல் பாட்டு ‘எ சாங் ஃபார் ××’. 1999 ஜனவரி 1 அன்று வந்த முதல் ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு, மெட்டு ஹோஷினோ யசுஹிகோ. ஏன் அழுகிறோம், ஏன் தொலைந்து போகிறோம், எப்போது பெரியவர்கள் ஆனோம் என்று கேள்விகளாக அடுக்கிக்கொண்டே போகும். அழாத பிள்ளை, கெட்டிக்காரப் பிள்ளை என்று ஊர் பாராட்ட, அந்தப் பாராட்டே பாரமாகிப் போன ஒரு குழந்தை அதில் பேசுகிறது. தனக்கென்று ஒரு இடம் எங்கும் இல்லாத உணர்வு. அன்றைய ஜப்பானியப் பள்ளிப் பெண்கள் அயுமியை விழுந்து விழுந்து பின்பற்றியதற்கு அவருடைய நகமும் உடையும் முடி நிறமும்தான் காரணம் என்று பெரியவர்கள் நினைத்தார்கள். இந்தப் பாட்டைக் கேட்டால் உண்மையான காரணம் வேறு என்று புரியும்.

இந்தப் பாட்டையும், அடுத்து வரும் ‘டிரஸ்ட்’, ‘டிபென்ட் ஆன் யூ’ இரண்டையும் அவர் இந்த ஆல்பத்துக்காகப் புதிதாகப் பாடினார். இதைச் செய்ய வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பழைய பதிவையே போட்டிருந்தாலும் அதே அளவுக்கு விற்றிருக்கும். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்கள். முதல் ஆல்பத்தில் குரல் மெல்லியது, சுருதியின் மேல் பகுதியில் கொஞ்சம் இறுக்கமாக, ஏறக்குறைய நடுங்கிக்கொண்டே போகும். 2001 பதிவில் அதே இடங்களில் மூச்சு நீளமாக நிற்கிறது. வரியின் கடைசியில் வரும் அதிர்வை இழுத்து நிறுத்தி விடுகிறார். முதல் பதிவில் கேள்வி கேட்பவள் பதில் தெரியாதவள். இரண்டாவதில், பதில் வராது என்று தெரிந்தும் கேட்பவள். எனக்கு இரண்டுமே வேண்டும். ஆனால் ஒன்றை மட்டும் தேர்வு செய்யச் சொன்னால் ‘எ பெஸ்ட்’ பதிவைத்தான் எடுப்பேன்.

நடுப்பகுதியில் 1999 பாட்டுகள் இருக்கின்றன: ‘லவ் டெஸ்டினி’, ‘டு பி’, ‘பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ்’, ‘ட்ராமா’, ‘எண்ட் ரோல்’, ‘அப்பியர்ஸ்’. அவர் கட்டுக்கடங்காமல் மேலே போன வருடம் அது. ‘டு பி’, ‘பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ்’ இரண்டுக்கும் மெட்டமைத்த நகாவோ டாய் அவருக்குக் கிடைத்த பெரிய வரம். துள்ளலான தாளத்துக்கு மேலே லேசாகச் சோகம் படர்ந்த மெட்டு நகாவோ கைவசம் எப்போதும் இருக்கும். ‘ட்ராமா’வும் ‘எண்ட் ரோல்’லும் ‘ஏ’ என்ற ஒரே எழுத்துத் தலைப்பில் வந்த நான்கு பாட்டுச் சிங்கிளில் இருந்து எடுக்கப்பட்டவை. அவருடைய சிங்கிள்களில் அதிகம் விற்றது அதுதான். இந்தப் பகுதியை நான் வேகமாகத்தான் தாண்டுவேன். நல்ல பாட்டுகள்தான், ஆனால் தயாரிப்பில் அந்தக் காலத்து நடனக் கூட வாசம் கொஞ்சம் தூக்கல்.

ஆல்பத்தின் இதயம் 11, 12, 13ஆவது பாட்டுகள். ‘வோக்’, ‘ஃபார் அவே’, ‘சீசன்ஸ்’. 2000 ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் முதல் வாரத்துக்குள் மூன்று வார இடைவெளிகளில் வந்த மூன்று சிங்கிள்கள். மூன்றும் சேர்ந்து ஒரே தொடர் என்றே திட்டமிடப்பட்டவை. உச்சத்தில் இருக்கும் 21 வயதுப் பெண், பூத்தது உதிரும் என்பதைப் பற்றியும், எல்லாம் முடிந்து மறுபடி தொடங்குவதைப் பற்றியும், பருவங்கள் மாறிக்கொண்டே போக எதிர்காலத்தில் உண்மையாகவே ஏதாவது இருக்கிறதா என்பதைப் பற்றியும் எழுதினார். மூன்றுக்கும் விரக்தியின் முத்தொடர் என்று பெயரே வந்துவிட்டது. ‘சீசன்ஸ்’ பத்து லட்சத்தைத் தாண்டி விற்றது. இவற்றைத் தனித்தனி சிங்கிளாகக் கேட்பதைவிட ஒன்றன் பின் ஒன்றாகக் கேட்பதில்தான் பலம். அதே வருடம் வந்த ‘டியூட்டி’ ஆல்பத்திலும் மூன்றும் உண்டு. ஆனால் இங்கே 1999இன் துள்ளலைக் கேட்டு முடித்த கையோடு இவை வருவதால் அந்த இறக்கம் இன்னும் ஆழமாக விழுகிறது.

15ஆவது பாட்டு ‘எம்’. 2000 டிசம்பரில் வந்தது. மரியாவைக் கூப்பிட்டுத் தொடங்கும் பாட்டு. காதல் தொடங்குவதும் ஒருநாள் முடிவதும் பற்றியது. இதில் முக்கியமான விஷயம், மெட்டும் அவருடையது. ‘க்ரெயா’ என்ற புனைபெயரில் அவர் இசையமைத்த முதல் சிங்கிள். வரிகள் மட்டும் தன் கையில், மெட்டு வேறொருவர் கையில் என்றிருந்த நிலை இந்த இடத்தில் மாறுகிறது. 2002 ஜனவரி 1 அன்று வந்த அடுத்த ஆல்பமான ‘ஐ ஆம்...’இல் பெரும்பாலான மெட்டுகள் க்ரெயாவுடையவை. அதனால் ‘எ பெஸ்ட்’ ஒரு முடிவுத் தொகுப்பு அல்ல. அடுத்த கட்டத்தின் வாசலில் வைத்த ஆல்பம். தேதி கம்பெனியுடையது. ஆனாலும் மூன்று வருட முதல் பாகம் உண்மையிலேயே அங்கேதான் முடிகிறது.

கடைசியில் ‘ஹூ...’. இரண்டாவது ஆல்பமான ‘லவ்அப்பியர்ஸ்’இன் பாட்டு, மெட்டு கிகுச்சி கசுஹிட்டோ. கஷ்டத்தில் பக்கத்தில் இருந்தது யார், அழுதபோது தோள் கொடுத்தது யார் என்று கேட்கும் எளிமையான நன்றிப் பாட்டு. கச்சேரியின் முடிவில் அரங்கமே சேர்ந்து பாடுவதற்கென்று ரசிகர்கள் தத்தெடுத்துக்கொண்டது. முதல் பாட்டில் போக இடம் இல்லை என்று சொன்னவர் கடைசிப் பாட்டில் கூட இருந்தவரைத் தேடி நன்றி சொல்கிறார். இந்த இரண்டையும் இரண்டு முனைகளில் வைத்தது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. முதல் சிங்கிளான ‘போக்கர் ஃபேஸ்’ இதில் இல்லை. ‘யூ’ இல்லை, ‘ஆடியன்ஸ்’ இல்லை. முதலிடம் பிடித்த ‘கனரியா’கூட இல்லை. வரலாறு முழுசாக வேண்டும் என்றால் 2008 செப்டம்பரில் மூன்று தட்டுகளாக வந்த ‘எ கம்ப்ளீட்’ இருக்கிறது. அதுவரை வந்த எல்லா சிங்கிள்களும் வரிசையாக. அது நல்ல ஆவணம். ஆனால் உட்கார்ந்து கேட்கும் ஆல்பமாக அது எனக்கு ஒட்டவில்லை. 2007 பிப்ரவரியில் ‘எ பெஸ்ட் 2’ வெள்ளை, கறுப்பு என்று இரண்டு தனி ஆல்பங்களாக ஒரே நாளில் வந்தது. 2001க்குப் பிந்தைய பாட்டுகளுக்கு அதுதான் வழி. அதில் கறுப்பை முதலில் கேட்கச் சொல்வேன்.

பாடுகிறவருக்கும் கம்பெனிக்கும் பெஸ்ட் ஆல்பத்தில் முரண்பாடு வருவது அயுமியோடு நின்றுவிடவில்லை. உடாடாவுக்கு 2010இல் நடந்தது இதைவிட மோசம். அவர் தன் மேற்பார்வையில் ‘சிங்கிள் கலெக்‌ஷன் வால்யூம் 2’ஐ புதுப் பாட்டுகளோடு தயார் செய்து நவம்பர் 24க்கு வைத்திருந்தார். அதே நாளில், அவருடைய ஆங்கிலப் பாட்டுகளின் உரிமை வைத்திருந்த இன்னொரு கம்பெனி ‘உடாடா த பெஸ்ட்’ என்று ஒன்றை வெளியிட்டது. அதில் தனக்குச் சம்மதம் இல்லை, ரசிகர்கள் அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்று உடாடா வெளிப்படையாகவே சொன்னார். 2024 ஏப்ரலில் வந்த ‘சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ தொகுப்பில் ‘டிராவலிங்’ உட்பட மூன்று பாட்டுகளைப் புதிதாகப் பதிவு செய்து சேர்த்ததைப் பார்த்தால், தொகுப்பு என்பதை அவர் எப்படிப் பார்க்கிறார் என்று தெரியும்.

முழுக்க பாடகியின் கையில் இருந்த பெஸ்ட் ஆல்பம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் அமுரோ நமியேயின் ‘ஃபைனலி’. 2017 செப்டம்பர் 20, தன் 40ஆவது பிறந்தநாளில், ஒரு வருடத்தில் ஓய்வு பெறுகிறேன் என்று அறிவித்தார். நவம்பர் 8 அன்று மூன்று தட்டுகளில் 52 பாட்டுகள். பழைய பாட்டுகளில் பெரும்பகுதியை மறுபடி பாடினார். சிடி காலமே முடிந்துவிட்டது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த வருடத்தில் அது முதல் வாரத்திலேயே பத்து லட்சத்தைத் தாண்டியது. 2018 செப்டம்பர் 16 அன்று சொன்னபடியே விலகினார். அமுரோ 25 வருட உழைப்பின் முடிவில், தானே குறித்த தேதியில் செய்ததை, அயுமி 22 வயதில், யாரோ குறித்த தேதிக்குள் மூன்று பாட்டுகளிலாவது செய்து பார்த்தார். இப்படி ஒப்பிட்டால் 2001இல் அவர் எடுத்த முயற்சியின் அளவு தெரியும்.

இரண்டு ராணிகள் மோதலைப் பற்றி ஒரு வார்த்தை. 2014 டிசம்பரில் உடாடாவின் பாட்டுகளை 13 கலைஞர்கள் பாடிய அஞ்சலி ஆல்பம் ஒன்று வந்தது. அதில் ‘மூவின் ஆன் விதவுட் யூ’ பாடியவர் ஹமாசாகி அயுமி. அதைத் தேடிக் கேளுங்கள். 2008இல் தன் இடது காது கேட்கும் திறனை இழந்துவிட்டது என்று அறிவித்தபின்னும் மேடையை விடாத பாடகியின் குரல் அது.

சரி, எப்படிக் கேட்பது? ‘எ பெஸ்ட்’ ஸ்ட்ரீமிங்கில் கிடைக்கிறது. 2016இல் வந்த 15ஆம் ஆண்டுப் பதிப்பும் உண்டு. பாட்டுகளைக் கலைத்துப் போடாமல் வரிசைப்படி ஒருமுறை கேளுங்கள், வரிகளின் மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. 11 முதல் 13 வரை உங்களைப் பிடித்து நிறுத்தினால் அடுத்து ‘டியூட்டி’க்குப் போங்கள். ‘எம்’ பிடித்தால் ‘ஐ ஆம்...’. துள்ளலான 1999 பாட்டுகள்தான் பிடித்தன என்றால் ‘லவ்அப்பியர்ஸ்’. முதல் பாட்டு மனசில் தங்கிவிட்டது என்றால் முதல் ஆல்பத்துக்குத் திரும்பிப் போய், அதே பாட்டின் பழைய பதிவிலிருந்து தொடங்குங்கள்.